கால்வெஸ்டனுக்கு ஆபத்தில்லை என்று எழுதிய கட்டுரை

விஞ்ஞானக் கட்டுரைகளை யாரும் விமர்சனம் செய்வதில்லை. கதைக்கும் கவிதைக்கும் நாடகத்துக்கும் விமர்சகர்கள் இருக்கிறார்கள். விஞ்ஞானக் கட்டுரை மட்டும் வெளிவந்த மாதத்தில் படிக்கப்பட்டு, அதிலுள்ள செய்தி பழையதானதும் பழைய காகிதக்காரரிடம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஆயினும், நூறாண்டு கடந்த பின்னும் எடுத்துப் படித்து ஆராயத் தக்க கட்டுரைகள் சில உண்டு. அவற்றுள் ஒன்று 1891-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் நாள், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ‘கால்வெஸ்டன் டெய்லி நியூஸ்’ என்னும் நாளிதழில் வெளியாயிற்று. எழுதியவர் ஐசக் கிளைன். இந்த ஊரைப் பெரும்புயல் தாக்கி அழிக்க முடியுமா என்ற ஒரே கேள்வியை எடுத்துக்கொண்டு, ஊர் மக்களுக்காக எளிய நடையில் அவர் எழுதினார். பெரும்புயல் இங்கே வருவது அரிது, வந்தாலும் கடலால் நகருக்குப் பெருஞ்சேதம் நேராது என்பது அவர் கண்ட முடிவு. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1900 செப்டம்பர் 8 அன்று, அந்த ஊரில் குறைந்தது 6,000 பேர் ஒரே இரவில் மாண்டார்கள்.

முடிவு பொய்த்துப் போனது என்பதைச் சொல்ல ஒரு விமர்சனம் தேவையில்லை. அதை வரலாறே சொல்லிவிட்டது. அந்தத் தவறு கட்டுரையின் எந்த இடத்தில், எந்தச் சொல்லின் வழியாக உள்ளே நுழைந்தது என்று பார்ப்பதே நம் வேலை. ஒரு மாவட்டத்துக்கு உள்ள இயற்கை ஆபத்தை அந்த மாவட்டத்து மக்களுக்கு விளக்கும் எழுத்து இன்றும் எங்கும் எழுதப்படுகிறது. அதை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கிளைனைப் போலவே படித்தவர்கள், பொறுப்புள்ளவர்கள், ஊருக்கு நல்லது நினைப்பவர்கள்.

முதலில் இடத்தை அறிந்துகொள்வோம். மெக்சிகோ வளைகுடாவின் வடமேற்குக் கரையோரம், பெருநிலத்துக்கு இணையாக நீண்டு கிடக்கும் ஒரு மணல் தீவு கால்வெஸ்டன். ஏறத்தாழ 27 மைல் நீளம்; அகலம் பெரும்பாலான இடங்களில் 3 மைலுக்கும் குறைவு. முன்புறம் வளைகுடா, பின்புறம் விரிகுடா. தீவும், அதற்குக் கிழக்கே உள்ள பொலிவர் தீபகற்பமும், பெருநிலத்தின் ஒரு பகுதியும் சேர்ந்தது கால்வெஸ்டன் கவுண்டி. கவுண்டி என்பது நம் மாவட்டத்தைப் போன்ற ஓர் ஆட்சிப் பிரிவு. 1900-இல் நகரின் மிக உயர்ந்த தரையே கடல்மட்டத்துக்கு மேல் 9 அடி இல்லை. ஆனாலும் அது செல்வம் கொழித்த பருத்தித் துறைமுகம். 37,000-க்கும் அதிகமான மக்கள் வாழ்ந்தார்கள். ஹூஸ்டன் நகரோடு போட்டி வேறு. இப்படிப்பட்ட ஊருக்கு எது கேட்க இனிமையாக இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அச்சத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அதே டெக்சாஸ் கரையில், தென்மேற்கே நூறு மைலுக்கு அப்பால், இண்டியனோலா என்றொரு துறைமுகம் இருந்தது. கால்ஹூன் கவுண்டியின் தலைநகரம் அது. 1875 செப்டம்பரில் புயலோடு கடல் ஏறி வந்து அதைச் சிதைத்தது. எஞ்சியவர்கள் மீண்டும் கட்டினார்கள். 1886 ஆகஸ்டில் இன்னொரு புயல். அதோடு தீயும் சேர்ந்துகொள்ள, ஊரைக் கைவிட்டுவிட்டார்கள். கவுண்டியின் தலைமையிடமும் வேறு ஊருக்குப் போயிற்று. இதைக் கண்டு கால்வெஸ்டனில் கடற்சுவர் கட்ட வேண்டுமென்ற பேச்சு எழுந்தது. எழுந்த வேகத்தில் அடங்கியும் போயிற்று. 1891 ஜூலை தொடக்கத்தில் மற்றொரு புயல் டெக்சாஸ் கரையைத் தொட்டது. கிளைனின் கட்டுரை அதையொட்டி எழுந்ததுதான்.

எழுதியவரின் தகுதியையும் சொல்ல வேண்டும். கிளைனுக்கு அப்போது வயது 29. மருத்துவப் பட்டமும் பெற்றவர். 1889 முதல் கால்வெஸ்டன் வானிலை நிலையத்தின் பொறுப்பாளர். ராணுவத்தின் கீழிருந்த வானிலைப் பணி 1891 ஜூலை 1 அன்றுதான் வேளாண்மைத் துறைக்கு மாற்றப்பட்டது; அதற்குச் சரியாக இரண்டு வாரம் கழித்துக் கட்டுரை வெளியாயிற்று. புதிய துறையின் பிரதிநிதி எழுதியது என்ற மதிப்பு அதற்கு இருந்திருக்கும். வாசகர் அதை ஒருவரின் அபிப்பிராயமாக அன்றி, விஞ்ஞானத்தின் தீர்ப்பாகவே படித்திருப்பார்கள்.

கட்டுரையின் வாதம் இரண்டு தூண்களின் மேல் நிற்கிறது. முதலாவது, புயலின் பாதை. மேற்கிந்தியத் தீவுகளின் பக்கம் தோன்றும் சூறாவளிகள் மேற்கு நோக்கி வந்து, பிறகு வடக்கே திரும்பி, கிழக்கே வளைந்து போகின்றன. காற்று மண்டலத்தின் பொது விதிகள் அப்படி. டெக்சாஸ் அந்த வளைவுக்கு வெளியே இருக்கிறது என்கிறார். அப்படியானால் இண்டியனோலாவை அழித்த இரண்டும்? அவை விதிவிலக்குகள். இரண்டாவது தூண், கடலின் தரை. கால்வெஸ்டனுக்கு முன்னே கடலடி மிக மெதுவாகச் சரிந்து செல்கிறது. ஆழமில்லாத அந்த நீரில் புயல் அலை தன் வலுவை இழந்துவிடும். மிஞ்சி வரும் நீரும் விரிகுடாவுக்கு அப்பாலுள்ள தாழ்ந்த சமவெளியில் பரவிப் போய்விடும். ஆகவே நகருக்குப் பெருஞ்சேதம் விளைவிக்கும் புயல் அலை உண்டாக வழியில்லை. இதற்கு மாறாக அஞ்சுகிறவர்களை மதிமயக்கம் கொண்டவர்கள் என்ற பொருள்படக் கடிந்தும் விடுகிறார்.

நடை குறை சொல்லும்படி இல்லை. தெளிவு இருக்கிறது, ஒழுங்கு இருக்கிறது, உள்ளூர் உதாரணம் இருக்கிறது. வாசகருக்குத் தெரிந்த இடங்களைக் கொண்டே விளக்குகிறார். இந்த நற்குணங்கள் எல்லாம் சேர்ந்து கட்டுரையை மேலும் ஆபத்தானதாக்கின என்பதே என் கருத்து. குழப்பமாக எழுதியிருந்தால் யாரேனும் ஐயப்பட்டிருப்பார்கள்.

இனி வாதத்துக்கு வருவோம். இரண்டாவது தூணை முதலில் தட்டிப் பார்க்கலாம். சரக்கு அங்கேதான் இருக்கிறது.

‘புயல் அலை’ என்ற சொல்லில் இரண்டு வேறு பொருள்கள் ஒளிந்துகொண்டிருக்கின்றன. ஒன்று, காற்றால் எழும்பி, உருண்டு வந்து, கரையில் உடையும் அலை. சில விநாடிகளுக்கு ஒருமுறை வரும், போகும். இன்னொன்று, காற்றின் தள்ளலால் கடலின் மட்டமே மணிக்கணக்கில் உயர்ந்து நிற்பது. இதைக் கடலேற்றம் என்று இக்கட்டுரையில் சொல்வோம். முதலாவதைப் பற்றிக் கிளைன் சொன்னது சரியே. ஆழம் குறைந்த சரிவில் பெரிய அலைகள் தொலைவிலேயே உடைந்து வலுவிழக்கின்றன. ஆனால் கடலேற்றத்துக்கு நிலைமை தலைகீழ்.

ஒரு பெரிய தாம்பாளத்தில் நீரூற்றி ஒரு பக்கத்திலிருந்து பலமாக ஊதிப் பாருங்கள். நீர் எதிர்ப்பக்கம் ஒதுங்க முயலும். ஆழமான பாத்திரமானால் மேலே ஒதுங்கும் நீர் அடிவழியாகத் திரும்பி வந்துவிடும். தாம்பாளத்தில் திரும்பி வர அடியில் இடமில்லை. கடலிலும் இப்படித்தான். காற்று நீரின் மேற்பரப்பைத் தேய்த்து இழுக்கிறது. அந்த இழுப்பைத் தாங்கி நிற்க நீர்மட்டம் சாய்ந்தாக வேண்டும். ஆழம் எவ்வளவு குறைவோ அவ்வளவு அதிகச் சாய்வு தேவைப்படும். கணக்குப் பார்ப்போம். விநாடிக்கு 40 மீட்டர், அதாவது மணிக்கு 144 கிலோமீட்டர் வேகத்தில் கரையை நோக்கி வீசும் காற்று, 50 கிலோமீட்டர் அகலமுள்ள கடற்பரப்பின் மேல் நிலைத்து வீசுவதாகக் கொள்வோம். கடலின் ஆழம் 100 மீட்டரானால் கரையில் நீர் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் உயரும், முழங்காலுக்கும் எட்டாது. ஆழம் 10 மீட்டரானால் அதே காற்று 2 மீட்டர் உயர்த்திவிடும்; ஆள் மூழ்கிப் போவான். இதற்கு மேல், புயலின் நடுவே காற்றழுத்தம் குறைவதாலும் கடல் சற்று எழும்பும்: ஒரு மில்லிபார் குறைந்தால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். 1900-ஆம் ஆண்டு இரவில் கால்வெஸ்டன் நிலையத்தின் பாரமானி 28.48 அங்குலம் வரை இறங்கியது. அது சுமார் 964 மில்லிபார். ஆகவே அழுத்தத்தின் பங்கு அரை மீட்டர்தான். மற்றதெல்லாம் பெரும்பாலும் காற்றின் வேலை. ஆழமற்ற கடலின் உதவி.

அதாவது, நகரின் கேடயம் என்று கிளைன் காட்டிய அதே மெல்லிய சரிவுதான் நகரின் எதிரி. ஒரு சொல்லுக்கு இருந்த இரண்டு பொருளை அவர் ஒன்றாக்கிக்கொண்டார். நம் செய்தித்தாள்களிலும் இந்தக் குழப்பம் ஓயவில்லை. புயலோடு கடல் ஊருக்குள் புகுந்தால் ‘ராட்சத அலை’ என்று தலைப்பு. பருவக் கடல் கரையை அரித்தாலும் ‘ராட்சத அலை’. 2004-இல் வந்த சுனாமிக்கும் அதே பெயர். மூன்றும் வெவ்வேறு காரணத்தால் வருவன; மூன்றிலிருந்தும் தப்பும் வழி வேறு. பெயரை ஒன்றாக்கிவிட்டால் வழியும் ஒன்றென்றே தோன்றும். நமக்கு இது வெறும் சொல்லாராய்ச்சி அல்ல. பாக் விரிகுடாவின் பெரும்பகுதி பதினைந்து மீட்டருக்கும் குறைந்த ஆழமுடையது. 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவு தனுஷ்கோடியை மூடிய நீர், மேற்சொன்ன தாம்பாளக் கணக்குக்கு உட்பட்டதுதான்.

“1891-இல் இதெல்லாம் யாருக்குத் தெரியும்?” என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஒருவரை அவர் காலத்துக்குப் பின் வந்த அறிவைக் கொண்டு தண்டிக்கக் கூடாது. ஆனால் வங்காள விரிகுடாவின் அனுபவம் அதற்குள் ஆங்கிலத்திலேயே அச்சாகியிருந்தது. ‘சைக்ளோன்’ என்ற சொல்லை உருவாக்கியவர் கல்கத்தாவிலிருந்த ஹென்றி பிடிங்டன். கல்கத்தாவுக்குத் துணையாக மாத்லா ஆற்றங்கரையில் கானிங் துறைமுகம் அமைக்க அரசு முனைந்தபோது, அங்கே ஒருநாள் புயலோடு கடல் ஏறி எல்லாவற்றையும் கொண்டுபோகும் என்று 1853-இல் அவர் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசிக்கு எழுதி அச்சிட்டு எச்சரித்தார். யாரும் பொருட்படுத்தவில்லை. துறைமுகம் எழுந்தது. 1867 நவம்பரில் புயல் அதைச் சிதைத்தது. பிறகு 1876-இல் கிழக்கு வங்கத்தின் பாக்கர்கஞ்சு பகுதியில், ஆழமற்ற கழிமுகக் கடல் ஏறி வந்து ஏறக்குறைய ஒரு லட்சம் பேரை மூழ்கடித்தது. ஆழமற்ற சரிவு காக்கும் என்ற வாதத்துக்கு இதைவிடப் பெரிய மறுப்பு வேண்டுமா? பிடிங்டனின் கடிதத்தையும் கிளைனின் கட்டுரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். ஒன்று சரியாகச் சொன்னது, எவரும் கேட்கவில்லை. மற்றது தவறாகச் சொன்னது, ஊரே கேட்டது. வேண்டிய செய்தியைத்தான் வாசகர் நம்புவார்கள் போலும்.

நீர் சமவெளியில் பரவிப் போய்விடும் என்ற துணைவாதத்தையும் விட்டுவிடக் கூடாது. வளைகுடாவில் உயர்ந்த நீர் கால்வாய்கள் வழியாகவும் தாழ்ந்த கரைகளைத் தாண்டியும் விரிகுடாவுக்குள் புகுகிறது. அது சமவெளியில் பரவுவதும் உண்மையே. ஆனால் புயலைச் சுற்றிக் காற்றின் திசை மாறிக்கொண்டே இருக்கும். வடக்கிலிருந்து வீசும்போது அந்த விரிகுடா நீரே தீவின் முதுகில் வந்து மோதும். 1900-இல் இதுவே நடந்தது. காலை முதல் வடகாற்று விரிகுடாவை நகரின் வடபுறத் தெருக்களுக்குள் தள்ளிக்கொண்டிருந்தது. அதே நேரத்தில் காற்றுக்கு எதிராகவே தென்புறத்தில் வளைகுடாவும் ஏறிக்கொண்டிருந்தது. மாலையில் காற்று கிழக்கும் தென்கிழக்குமாகத் திரும்பியதும் மிச்சமும் முடிந்தது.

முதல் தூணுக்கு வருவோம்: புயலின் பாதை விதி. புயல்கள் பெரும்பாலும் வளைந்து திரும்புகின்றன என்பது உண்மை. ஆனால் ‘பெரும்பாலும்’ என்ற சொல் கட்டுரை போகப் போக நழுவிவிடுகிறது. இயற்கையின் வழக்கம் சட்டமாகிறது; சட்டத்துக்குப் பொருந்தாத இரண்டு புயல்கள் விபத்தாகின்றன. இருபது ஆண்டு அளவுள்ள பதிவேடு. அதில், அதே கரையில் ஒரு நகரம் இரண்டு முறை அழிந்திருக்கிறது. இதைப் படித்துவிட்டு ‘இங்கே வராது’ என்று முடிவு கட்டுவது எப்படி? மாணவர்கள் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஓர் ஊரைச் சராசரியாக 50 ஆண்டுக்கு ஒருமுறை பெரும்புயல் தாக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். எந்த ஓர் ஆண்டிலும் அது வராமலிருக்க வாய்ப்பு 0.98. இருபது ஆண்டுகள் தொடர்ந்து வராமலிருக்க வாய்ப்பு, 0.98-ஐ இருபது முறை பெருக்கினால், சுமார் 0.67. அதாவது ஆபத்து முழுமையாக இருக்கும் ஊரிலேயே, மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பில் இருபது ஆண்டுப் பதிவேடு வெறுமையாகத்தான் இருக்கும். “எங்கள் தாத்தா காலத்திலிருந்து இங்கே வந்ததில்லை” என்பதன் மதிப்பு இவ்வளவே.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால், அரசு வரைபடங்களில் காணும் ‘நூறாண்டு வெள்ளம்’ என்ற சொல்லின் தீமையும் விளங்கும். அது நூறாண்டுக்கு ஒருமுறை முறைவைத்து வருவது அன்று. எந்த ஆண்டிலும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்புள்ள வெள்ளம். முப்பது ஆண்டுக் கடனில் அத்தகைய இடத்தில் வீடு வாங்குகிறவர் கடன் தீருமுன் அதைக் காணும் வாய்ப்பு நூற்றுக்கு 26.

பாதை விதியில் மயங்கியவர் கிளைன் ஒருவரே அல்லர். 1900 செப்டம்பரில் அந்தப் புயல் கியூபாவைக் கடந்தபோது, வாஷிங்டனிலிருந்த தலைமை அலுவலகம் அது வடக்கே திரும்பி அட்லாண்டிக் கரையோரம் போகும் என்று கருதியது. வளைகுடாவுக்குள் போகிறது என்று கருதியவர்கள் ஹவானாவில் இருந்த வானிலை ஆய்வாளர்கள். ஆனால் அப்போது கியூபா அமெரிக்க ராணுவ ஆட்சியில் இருந்தது. அங்கிருந்து வானிலைச் செய்தி அனுப்பும் தந்திகளுக்கு அமெரிக்க வானிலைத் துறை தடை ஏற்படுத்தியிருந்தது. கியூபாக்காரர்கள் வீண் பீதி கிளப்புகிறார்களாம்! பீதி கிளப்பக் கூடாது என்ற நல்லெண்ணம் விஞ்ஞானத்தின் வாயை அடைத்த கதைகளில் இதுவும் ஒன்று.

எரிக் லார்சன் 1999-இல் வெளியிட்ட ‘ஐசக்கின் புயல்’ என்ற நூல் இந்தப் பழைய கட்டுரையைப் பலரும் அறியும்படி செய்தது. விறுவிறுப்பான நூல். ஆனால் ஒரு தனிமனிதரின் செருக்கு ஓர் ஊரை அழித்தது என்ற எண்ணத்தை அது வாசகர் மனத்தில் விட்டுவிடுகிறது. அதை நான் முழுதும் ஏற்கவில்லை. கடற்சுவர்ப் பேச்சு கட்டுரைக்கு முன்பே தளர்ந்திருந்தது. செலவு செய்ய மனமில்லாத ஊருக்குக் கட்டுரை ஒரு சாக்குக் கொடுத்தது, அவ்வளவுதான். சாக்குக் கொடுத்ததும் சிறிய குற்றமன்று. தாம் நம்பாத ஒன்றை அவர் எழுதவில்லை என்பதும் உண்மை. புயலன்று அவர் குடும்பத்தோடு கடற்கரையை அடுத்த தம் வீட்டிலேயே இருந்தார். அது உறுதியான வீடு என்று சுமார் 50 பேர் வந்து அடைக்கலம் புகுந்தார்கள். மிதந்து வந்த இடிபாடுகள் மோதி வீடு சாய்ந்தது. பிழைத்தவர்கள் 18 பேர். இறந்தவர்களில் கருவுற்றிருந்த அவர் மனைவியும் ஒருவர்.

அன்று காலை வாஷிங்டனுக்கு அவர் அலுவலகம் கொடுத்த தந்தியில் ஒரு செய்தி இருக்கிறது. காற்று கரையிலிருந்து கடலை நோக்கி எதிராக வீசியும் கடல் இவ்வளவு உயர்ந்ததை இதற்குமுன் கண்டதில்லை என்பது அதன் பொருள். ஒன்பது ஆண்டுக்கு முந்திய கட்டுரையை அவரது கண்ணே மறுத்துவிட்டது. காலையில் தாம் கடற்கரை நெடுகக் குதிரை வண்டியில் போய் மக்களை எச்சரித்ததாகப் பின்னாளில், 1945-இல் வெளியிட்ட நினைவு நூலில் கிளைன் எழுதினார்; அதைப் பற்றி லார்சன் ஐயம் எழுப்புகிறார். நமக்கு அதைவிட முக்கியம், அவர் பிற்காலத்தில் எதை ஆராய்ந்தார் என்பது. நியூ ஆர்லியன்ஸுக்கு மாற்றப்பட்ட பின், வளைகுடாப் புயல்கள் பலவற்றின்போது கரையோர நீர்மட்டங்கள் எப்படி ஏறின என்பதைத் தொகுத்து, 1920-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். புயல் மையம் கரையைக் கடக்கும் இடத்துக்கு வலப்புறம் நீர் மிக உயரும். மையம் வருமுன்னரே நீர்மட்டம் ஏறத் தொடங்கி எச்சரிக்கை தரும் என்பவை அதில் கண்டவை. காற்றின் விதியிலிருந்து நீரைக் கணிக்க முயன்ற இளைஞர், நீரைப் பார்த்துப் புயலை அறியும் முதியவரானார்! 1891-ஆம் ஆண்டுக் கட்டுரையோடு இதையும் படிப்பவரே கிளைனைச் சரியாகப் படித்தவர்.

ஊர் என்ன செய்தது? இங்கே கால்வெஸ்டனைப் பாராட்டாமல் இருக்க முடியாது. 1902-இல் தொடங்கி 1904-க்குள் மூன்று மைலுக்கு மேல் நீளமுள்ள கான்கிரீட் கடற்சுவர் எழுப்பினார்கள். உயரம் 17 அடி. அதோடு நில்லாமல் ஊரின் தரையையே உயர்த்தினார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்களைத் திருகு ஜாக்கிகளால் தூக்கி நிறுத்தி, கடலடி மணலை நீரோடு கலந்து குழாய் வழியே அடியில் பாய்ச்சினார்கள். செயின்ட் பாட்ரிக் தேவாலயம் 3,000 டன் எடை. அதை 700 ஜாக்கிகள் கொண்டு, சிறிது சிறிதாக, 5 அடி தூக்கினார்களாம். வேலை நடந்த ஆண்டுகளில் மக்கள் தெருவில் நடக்கவில்லை. பலகைப் பாலங்களின் மேல் நடந்தார்கள். உப்பு மணலில் மரமும் செடியும் பட்டுப்போயின. 1915-இல் மீண்டும் ஒரு பெரும்புயல் வந்தபோது நகருக்குள் மாண்டவர்கள் மிகச் சிலரே.

ஆனால் சுவரைப் பற்றிய எழுத்திலும் விமர்சகருக்கு வேலை உண்டு. ‘கால்வெஸ்டன் காக்கப்பட்டது’ என்று பள்ளிப் பாடம் போல எழுதுகிறார்கள். எந்தப் பக்கத்திலிருந்து? சுவர் நிற்பது வளைகுடாப் பக்கம். 2008 செப்டம்பர் 13 அன்று ‘ஐக்’ புயல் கரையேறியபோது, பழைய நகரின் கடைவீதி விரிகுடாப் பக்கத்து நீரில்தான் மூழ்கியது. சுவரே இல்லாத பொலிவர் தீபகற்பத்தில் 15 முதல் 20 அடி வரை கடல் ஏறி, ஊர் ஊராக வீடுகளைத் துடைத்துச் சென்றது.

அந்தப் புயலில் இன்னொரு சொல்லும் கெடுதல் செய்தது. அது ‘இரண்டாம் வகை’ப் புயல். ஐந்து வகை உள்ள அளவுகோலில் இரண்டுதானே என்று பலர் வீட்டிலேயே தங்கினர். வகை என்பது காற்றின் வேகத்தைக் கொண்டு பிரிப்பது. ஐக்கோ மிக அகன்ற புயல், ஆகவே கடலேற்றம் வகைக்கு மிஞ்சியது. அதுமட்டுமன்று, மையம் கரையேற ஒரு நாள் இருக்கும்போதே, கரைக்கு இணையாக வீசிய காற்று நீரை நகர்த்த, பூமியின் சுழற்சி அந்த நீரை வலப்புறமாக, அதாவது கரைப்பக்கமாகத் திருப்பிவிட்டது. அகன்ற, ஆழமற்ற அந்தக் கடற்பரப்பில் இது நன்றாகவே பலித்தது. வெயில் முற்றும் மறையுமுன் பொலிவரின் ஒரே நெடுஞ்சாலை நீரில் முழுகிவிட்டது. ‘நாளை புறப்படலாம்’ என்றிருந்தவர்களுக்கு வழி இல்லை. 1900-இல் எதிர்க்காற்றிலும் கடல் ஏறியதென்று தந்தி கொடுத்தார்களே, அதுவும் இந்த முன்னேற்றத்தின் சாயலுடையதே. 2010-இல் அந்த அளவுகோலிலிருந்து கடலேற்றத்தின் உயரங்களை நீக்கி, அதைக் காற்றுக்கு மட்டும் உரியதாக்கினார்கள். இப்போது கடலேற்றத்துக்குத் தனி எச்சரிக்கை தரப்படுகிறது.

ஐக்கின்போது உள்ளூர் வானிலை அலுவலகம் வெளியிட்ட அறிக்கையை 1891-ஆம் ஆண்டுக் கட்டுரைக்குப் பக்கத்தில் வைக்க விரும்புகிறேன். வெளியேறும் ஆணையை மீறி ஓரடுக்கு, ஈரடுக்கு வீடுகளில் தங்குவோர் சாவது உறுதி என்ற பொருளில் அது எழுதப்பட்டது. அலங்காரம் இல்லை, பொது விதி இல்லை. எந்த வீடு, எவ்வளவு நீர், என்ன நேரும் என்பவை மட்டும் இருந்தன. மக்களை மிரட்டிவிட்டதாகச் சிலர் குறைகூறினர். எனக்கு அது நல்ல விஞ்ஞான எழுத்தாகவே படுகிறது.

விரிகுடாவின் வாயில் பெருங்கதவுகள் அமைக்கும் திட்டத்துக்கு அமெரிக்கக் காங்கிரஸ் 2022-இல் அனுமதி அளித்தது. அது எழும் வரையில் சுவரே துணை. சுவரின் உயரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கால்வெஸ்டன் துறைமுகத்தில் நூறாண்டுக்கும் மேலாக ஒரு நீர்மட்டமானி இயங்கி வருகிறது. கடல் உயர்வதாலும், தீவு தாழ்ந்துகொண்டே போவதாலும், அங்கே தரையை ஒப்பிடக் கடல் நூறாண்டில் ஏறத்தாழ 2 அடி ஏறியிருக்கிறது என்று அது காட்டுகிறது. 1904-இல் 17 அடி என்று அளந்த சுவரைக் கைநூல்கள் இன்றும் 17 அடி என்றே அச்சிடுகின்றன. கவுண்டியின் ஆபத்துத் திட்டத்தைக் கையில் எடுப்பவர், எந்த ஆண்டுக் கடலிலிருந்து அளந்த 17 அடி என்று முதலில் கேட்டு, கழிக்க வேண்டியதைக் கழித்துக்கொண்டு அடுத்த பக்கத்தைப் புரட்டலாம்.